10க்கு 12 ஹாலுக்கு எந்த ஹெட்செட்?

மச்சான் ஊர்லருந்து வரும்போது கொண்டாந்த குவெஸ்ட் 3 (மெட்டா கம்பெனியோட, தலைல மாட்டற ஹெட்செட்) ரெண்டு வாரமா எங்க வீட்லதான் இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ஃப்ரெண்டோட பழைய விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) செட் வாங்கி ஓட்டிருக்கேன், அதான் எழுதறேன். யூடியூப்ல எல்லாரும் பிக்சல் கணக்கு சொல்றாங்க, தண்டையார்பேட்டைல 10க்கு 12 அடி ஹால்ல அஞ்சு பேர் இருக்கற வீட்டப் பத்தி யாரும் பேசல.

விஆர்னா கண்ண முழுசா மூடிரும். நின்னு ஆட ஆறரைக்கு ஆறரை அடி காலியா வேணுமாம். எங்க ஹால்ல பீரோ, கட்டில், தையல் மெஷின், தண்ணி கொடம், அதுக்கப்புறம் ஆயா பாய் போடற இடம், அவ்ளோதான். பழைய செட்ல பாக்ஸிங் ஆடிட்டு இருந்தேன் (நம்ம ஏரியால பாக்ஸிங்னா சும்மாவா), அக்கா பொண்ணு, நாலு வயசு, சத்தமே இல்லாம கிட்ட வந்துட்டா, என் கை அவ கன்னத்துல பட்டுருச்சு. செட்ல நான் போட்டு வச்ச எல்லைக் கோட்ட நான் கிட்ட போனாதான் காட்டும், கொழந்த உள்ள வந்தா அதுக்குத் தெரியாது. வீக்கம் ரெண்டு நாள்ல போச்சு, ஆனா அன்னியோட அந்த செட்ட திருப்பிக் குடுத்துட்டேன்.

மிக்ஸ்டு ரியாலிட்டில வெளிய இருக்கற கேமரா நம்ம வீட்டயே உள்ள ஸ்கிரீன்ல காட்டுது, அது மேல கேம் வருது. 2020ல வந்த குவெஸ்ட் 2லயும் வெளிய பாக்கலாம், ஆனா கருப்பு வெள்ளை, புள்ளி புள்ளியா இருக்கும். 2023ல குவெஸ்ட் 3ல கலர் வந்துச்சு. தலைய திருப்புனா படம் லேட்டா வரக்கூடாது, கண்ணு ஒண்ணு சொல்லி காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் வேற சொன்னா கொமட்டும். ஆப்பிள் விஷன் ப்ரோ அதுக்குன்னே ஆர்1னு தனி சிப் வச்சு 12 மில்லி செகண்ட்ல காட்டுதுன்னு சொல்றாங்க, ஆனா 2024ல அமெரிக்கால வந்தப்ப வெல 3,499 டாலர், நம்ம ஆளுங்களுக்கு அது பேச்சுக்குக்கூட ஆவாது. எனக்கு விஆர்ல, கைல புடிக்கற கன்ட்ரோலர்ல இருக்கற குச்சிய தள்ளி நடக்கற கேம்னா பத்து நிமிஷத்துல வாந்தி வர்ற மாதிரி இருக்கும், மிக்ஸ்டு ரியாலிட்டில நம்ம தரையும் செவுரும் கண்ணுல நிக்கறதால ஒண்ணும் ஆவல.

ராத்திரி லைட் கம்மியா இருந்தா குவெஸ்ட் 3லயும் படம் புள்ளியாதான் தெரியுது. 515 கிராம், அர மணி நேரத்துல நெத்தி வலிக்குது. எல்லாரும் தூங்குன அப்புறம் படம் பாக்கறதுக்கு இன்னும் விஆர்தான் சூப்பர், அத மறுக்கல. ஆனா பகல்ல, ஆள் நடமாடற வீட்ல, கலர்ல வெளிய தெரியாத செட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காசு கம்மியா இருந்தா 2024ல வந்த குவெஸ்ட் 3எஸ் பாருங்க, வந்தப்ப ஆரம்ப வெல 299 டாலர், லென்ஸ் பழைய டைப், ஆனா சிப் அதேதான், கலர்லயும் தெரியும். பழைய செட்தான் இருக்குன்னா உக்காந்து ஆடற கேம் மட்டும் ஆடுங்க, நின்னு ஆடணும்னா மொதல்ல கதவ தாழ்ப்பா போட்டுருங்க.