ஜூன் மாதம் போய்ப் பாருங்கள் அண்ணாச்சி

வெயில் தாங்காமல் பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு நியூசிலாந்தின் டுனெடினில் குடியேறப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, அக்னி நட்சத்திரத்தில் மாடித்தொட்டித் தண்ணீர் மதியம் கையைச் சுடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் டிசம்பரில், அதாவது அவர்களுடைய கோடையில் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது, குற்றாலத்தைச் சீசனில் மட்டும் பார்த்துவிட்டு இடம் வாங்குவது மாதிரி. ஜூனில் போங்கள். நமக்குச் சாரல் தொடங்கும் நேரத்தில் அங்கே காலை எட்டுக்கு மேல்தான் விடியும், மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும், பழைய மர வீடுகளில் குளிர் உள்ளேயே உட்கார்ந்திருக்கும், ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் எகிறும், போடாவிட்டால் ஜன்னல் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. என் தங்கை அங்கேதான் இருக்கிறாள், உள்ளே கொடி கட்டிப் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும் என்பாள். நிதானமான வாழ்க்கை உண்டுதான். குழாய் ஒழுகினால் பிளம்பரும் அதே நிதானத்தோடுதான் வருவார்!

அப்புறம் விசா. திறன் அடிப்படையிலான குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்க 55 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, உங்கள் வயதை நீங்கள் எழுதவில்லை. வீட்டை இப்போதைக்கு வாடகைக்கு விடுங்கள், ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்துவிட்டு வந்து பத்திர ஆபீசுக்குப் போகலாம்.