எரிக் பிரவுனின் 487 ஊதிப் பெருக்கிய கணக்கு இல்லை

அண்ணே, சாங்கி விமானக் கண்காட்சிப் படங்களுக்குக் கீழே நீங்கள் எழுதியது தவறு. பிரிட்டிஷ் சோதனை விமானி எரிக் பிரவுன் 487 ரக விமானங்களை ஓட்டினார் என்பது, ஒரே விமானத்தின் மாதிரிகளைத் தனித்தனியாக எண்ணிக் கூட்டிய கணக்கு என்கிறீர்கள். நேர் எதிர். அதில் இருப்பது அடிப்படை ரகங்கள் மட்டுமே. ஸ்பிட்ஃபயர் போர் விமானம், அதன் கடற்படை வடிவமான சீஃபயர் இரண்டிலுமாக அவர் 14 மாதிரிகளை ஓட்டியும் பட்டியலில் அவை மொத்தமும் ஒன்றாகத்தான் சேர்கின்றன. மாதிரிகளையும் எண்ணினால் 487 இன்னும் கூடும், குறையாது.

அப்புறம், விமானந்தாங்கிக் கப்பலில் முதலில் ஜெட்டை இறக்கியவர் அமெரிக்கர் என்று நீங்கள் எழுதியதும் தவறு. 1945 நவம்பரில் அவர்கள் இறக்கிய ஃபயர்பால், மூக்கில் சாதாரண புரொப்பெல்லர் எஞ்சினும் பின்னால் ஜெட்டும் வைத்த கலப்பு விமானம். முழு ஜெட்டான சீ வாம்பயரை 1945 டிசம்பர் 3 அன்று ஓஷன் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கியவர் பிரவுன். அமெரிக்கர்களின் முழு ஜெட்டான ஃபேன்டம் 1946 ஜூலையில்தான் கப்பலில் இறங்கியது. ஆடும் கப்பல் தளத்தில் 2,407 முறை இறங்கிய மனிதர் அவர், உலகச் சாதனை அது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் உங்கள் பதிவைப் படிக்கிறார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.