ஜெர்மன் வார்த்தையை பின்னாடியிருந்து படிங்க

வாரத்துக்கு ஒருத்தராவது அந்த ரீல்ஸை எனக்கு அனுப்பிடறாங்க. அதான், ஜெர்மன்ல 63 எழுத்துல ஒரு வார்த்தை இருக்காமேன்னு. ரிண்ட்ஃப்ளைஷ்எடிகெட்டீரூங்ஸ்ஊபர்வாஹூங்ஸ்அவுஃப்காபன்ஊபர்ட்ராகூங்ஸ்கெசெட்ஸ். பைத்தியக்கார மொழின்னு கீழ நாலு சிரிப்பு பொம்மை வேற. சிரிங்க, எனக்கும் முதல் தடவை சிரிப்புதான் வந்துச்சு, ஆனா தமிழ் தெரிஞ்ச நாம அதோட நிறுத்திக்கக் கூடாதுன்னு நினைக்கறேன்.

அதை அப்படியே வரிசை மாத்தாம தமிழ்ல சொல்லிப் பாருங்க: மாட்டிறைச்சி லேபிள் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம். முடிஞ்சுது. மாடுகளுக்கு வர்ற 'மேட் கவ்' நோய்ப் பயம் இருந்த காலத்துல, 1999ல, வடகிழக்கு ஜெர்மனில மெக்லென்புர்க்-ஃபோர்போமர்ன் மாநிலம் கொண்டுவந்த சட்டம், 2013ல நீக்கிட்டாங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்னு நாம போர்டுல படிக்கறோம்ல, அதை நடுவுல இடம் விடாம எழுதினா எப்படி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இங்க ஜெர்மனிக்கு வந்த புதுசுல முகவரி பதிய ஆபீஸ் போனப்ப அந்தம்மா ஒரு பேப்பர் கேட்டாங்க. வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். நான் முழிக்கறதைப் பார்த்துட்டு அந்த வார்த்தையை ஒரு துண்டுச்சீட்டுல எழுதி பென்சிலால ரெண்டு கோடு போட்டு வெட்டிக் காட்டினாங்க. வோனுங், வீடு. கேபர், கொடுக்கறவர். பெஷ்டேட்டிகுங், உறுதி பண்றது. வீட்டு ஓனர் எழுதித் தர்ற கடுதாசி! ரெண்டே ரெண்டு பென்சில் கோடு, அன்னைலேர்ந்து நீள வார்த்தைன்னா எனக்கு பயமே இல்லை, கடைசித் துண்டுலேர்ந்து பின்னாடி போய்ப் படிச்சா போதும், விஷயம் எதுன்னு கடைசி வார்த்தைதான் சொல்லும். நமக்கும் அதே கதைதானே. மாட்டுப்பால்னா பால், பால்மாடுன்னா மாடு. அவங்களுக்கு கூமில்ஷ், மில்ஷ்கூ. ஒரே கணக்கு.

அந்த வோனுங்குக்கும் கேபருக்கும் நடுவுல ஒரு 'ஸ்' இருக்கு பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அர்த்தம்னு ஒண்ணும் கிடையாது, ரெண்டு வார்த்தையை இணைக்க வருது. நாம ஸ்கூல்ல சாரியைன்னு படிச்சோமே அதே வேலைதான். புளி, காய், நடுவுல ஒரு 'அம்' வந்து புளியங்காய். முள்ளம்பன்றிலயும் அந்த 'அம்' இருக்கு. இதுல கேளுங்க, முள்ளம்பன்றிக்கு ஜெர்மன்ல ஷ்டாஹெல்ஷ்வைன், ஷ்டாஹெல்னா முள், ஷ்வைன்னா பன்றி! இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டு அப்பாகிட்ட சொன்னேன், அவரு ரிட்டையர்டு தமிழ் வாத்தியார், அவருக்கு என்னைவிட சந்தோஷம். விளையாட்டுச் சாமானும் அப்படித்தான், ஷ்பீல்ட்சொய்க், விளையாட்டு, சாமான்.

கையுறைக்கு ஹாண்ட்ஷூ, அதாவது கைச்செருப்பு. ஆமைக்கு கேடயத்தேரை. குண்டு பல்புக்கு ஒளிர்ற பேரிக்காய். இதெல்லாம் சின்னப்புள்ளத்தனமா தோணலாம், ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா இதோட அருமை தெரியும். நிமோனியாவுக்கு இங்க சாதாரண ஜனங்க சொல்றது லுங்கன்என்ட்சூண்டுங், நுரையீரல் அழற்சி. எந்த உறுப்புல என்ன கோளாறுன்னு வார்த்தையே சொல்லிடுது. நம்ம ஊர்லயும் டயபட்டிஸ்னா எங்க பாட்டிக்குப் புரியாது, சர்க்கரைன்னா உடனே புரியும், இங்கயும் பழைய ஆளுங்க அதை சர்க்கரை வியாதின்னேதான் சொல்றாங்க, ட்சுக்கர்க்ராங்க்ஹைட். படிக்காதவங்களுக்கும் கதவைத் திறந்து வைக்கற மொழியைப் போய் கஷ்டமான மொழின்னு சொன்னா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

இன்னொண்ணு, அந்த 63 எழுத்தை யாரும் டீக்கடையில பேசறதில்லை. மோட்டார் வண்டிக்குச் சொல்ற கிராஃப்ட்ஃபார்ட்சொய்கைக்கூட காஎஃப்ட்செட்னு சுருக்கிடுவாங்க. நீளம் காகிதத்துக்கு, சுருக்கம் வாய்க்கு.

ஆனா புது வார்த்தை உண்டாக்கறது சட்டம் எழுதறவங்க மட்டும் இல்லை. போன குளிர்காலம் கீழ் வீட்டுப் பொண்ணு, அஞ்சு வயசு, வாசல்ல பனி மனுஷன் செஞ்சுட்டு கதவைத் தட்டினா. ஷ்னேமன்னாசெ வேணுமாம். ஷ்னேமன், பனி மனுஷன். நாசெ, மூக்கு. எழுதிப் பார்த்தா நடுவுல மூணு 'ன்' வரிசையா வரும், மூணையும் விடாம எழுதணும்ங்கறதுதான் இங்க விதி. அகராதியைத் தேடாம எனக்கு அந்த நொடியே புரிஞ்சுது. ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஒரு கேரட் எடுத்துக் கொடுத்தேன்.