தட்டிப் பார்த்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை

மூன்று வாரமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் 11 இரும்பு ஜாக்கிகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. காபி டம்ளரோடு அவற்றுக்கு நடுவே வளைந்து நெளிந்துதான் போக வேண்டியிருக்கிறது. எல்லாம் ஒரு சுவரால். இல்லை, சுவர் மேல் பழி போடக் கூடாது. அது எழுபது வருஷமாகத் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தது.

மயிலாடுதுறைப் பக்கம், மாமனார் காலத்து வீடு. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் அந்தச் சுவர். அடுப்படியில் பட்டப்பகலிலும் லைட் போட்டால்தான் உப்பு எது, சீனி எது என்று தெரியும். ஆறடிக்கு ஒரு திறப்பு விடலாமா என்றுதான் கேட்டேன். கான்ட்ராக்டர் வந்தார், விரலை மடக்கி நாலு இடத்தில் தட்டினார்.

"சும்மா பார்ட்டிஷன் மேடம். முழுசா எடுத்துட்டு ஓபன் கிச்சனே போட்டுடலாம்."

மேலே இருக்கிற தளத்தை எது தாங்குகிறது என்று கேட்டேன். பதில் என் கணவருக்குப் போனது. "சார், நீங்க பயப்படாதீங்க." கேட்டது நான்யா!

பார்ட்டிஷனாம். நாலரை இஞ்சு சுவர் என்றால் நம்பலாம். இது ஒன்றரைக் கல் சுவர், பூச்சோடு 15 இஞ்சு. டேப் பிடித்து அளந்ததே அவர்தான். அறையைத் தடுக்க எவனாவது 15 இஞ்சுக்குச் சுவர் வைப்பானா?

இந்த வீட்டில் கான்கிரீட் தூணும் கிடையாது, பீமும் கிடையாது. மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கலை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டி, அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். சதுர அடிக்கு 30 கிலோவாவது இருக்கும். அத்தனை பாரமும் தேக்குக் கட்டை வழியாகச் சுவரில்தான் இறங்குகிறது. கட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது, நுனி எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்பது நிமிர்ந்து பார்த்தாலே தெரிகிற சங்கதி. எங்கள் வீட்டில் நிமிர்ந்தால் தெரிவது ஃபால்ஸ் சீலிங். பழைய கட்டை அசிங்கமாக இருக்கிறதென்று என் கொழுந்தனார் 2009-இல் மாட்டியது. (முற்றத்தை ஷீட் போட்டு மூடி வீட்டை இருட்டாக்கியதும் அவரேதான். அது தனிக் கதை.) ஒரு பலகையைக் கழற்றிப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகுமா? கழற்றவில்லை.

இடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் மதியம். மேல்வரிசைக் கல்லை உருவும்போது பொலபொலவென்று காரை கொட்டியது. சீலிங் பலகை ஒன்று மடங்கித் தொங்கியது. அதன் பின்னால் தேக்குக் கட்டையின் நுனி. அடியில் ஒன்றுமே இல்லை, என் கையை உள்ளே விடலாம். மாமியார் போட்ட சத்தத்தில் ரெண்டு தெரு தள்ளியிருந்த பழைய கொத்தனார் வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், முதலில் கடப்பாரையைப் பிடுங்கினார். அன்று ராத்திரியே ஜாக்கி வந்தது.

கான்ட்ராக்டர் அசரவில்லை. "பழைய வீடுன்னா இப்படித்தான் சார். இடிச்சாதான் தெரியும்."

இந்தப் பேச்சுக்குத்தான் வயிறு எரிகிறது. இடிக்காமலே தெரிந்து சொல்லத்தானே உனக்கு அட்வான்ஸ்? இப்போது கட்டையைத் தாங்க எட்டு இஞ்சு இரும்பு ஐ பீம் வேண்டுமாம். மீட்டருக்கு 25 கிலோ எடை, தூக்க ஆள் தனி, இரண்டு முனையிலும் தாங்கு கான்கிரீட் தனி. எல்லாம் எக்ஸ்ட்ரா. பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசிவிடுவாராம். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும் என்றேன். "சார்ட்ட பேசிக்கிறேன்" என்றார்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். வெள்ளை மார்பிள் மேடை, மேலிருந்து தொங்கும் மூன்று விளக்கு, சுவரே இல்லாத ஹால். "இப்படி வந்துடும் மேடம்." மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, இதுல கட்டை எது மேல உக்காந்திருக்கு?"