ஆறு மில்லிமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இரண்டு நாளாக இன்பாக்ஸில் வந்து "விடுங்கண்ணே, சின்ன விஷயம்" என்று சொல்கிறவர்கள் பத்துப் பேரைத் தாண்டிவிட்டார்கள். புகைப்படக் கண்காட்சி நடத்தியவர்கள், என் நடவுப் படத்தை என்னைக் கேட்காமல் ஓரத்தில் வெட்டி மாட்டியிருந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும். வராதவர்களும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டீர்கள், ஆளாளுக்குப் பகிர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் பகிர்ந்தது என் படம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் படத்தில் ஆறில் ஐந்து பங்கு அது.

கணக்கைப் பாருங்கள். 35 எம்எம் ஃபிலிமில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீட்டர். நீளம், உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 8க்கு 10 இஞ்ச் சட்டத்தில் நீளம் ஒன்றேகால் மடங்குதான். உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டால் 36இல் 30தான் உள்ளே போகும். மிச்சம் 6 மில்லிமீட்டர் வெளியே. 8க்கு 12 போட்டிருந்தால் ஒரு நூல்கூடப் போயிருக்காது, 12க்கு 18 போட்டாலும் போகாது. இதைக் கண்காட்சி நடத்துகிறவர்களிடம் போனில் சொன்னேன். வாட்ஸ்அப்பிலும் அளவு எழுதி அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது. கேட்டதற்கு வந்த பதில்: "சட்டம் எல்லாம் 8க்கு 10 மொத்தமா வாங்கிட்டோம் சார். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான். யாருக்கும் தெரியாது."

தெரிந்தது. யாருக்குத் தெரியக்கூடாதோ அவருக்கே தெரிந்தது.

போன புரட்டாசியில் நீடாமங்கலம் பக்கம் சம்பா நடவில் எடுத்த படம். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நட்டுக்கொண்டு வருகிறார்கள். இடது ஓரத்தில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார். ஒரு கை இடுப்பில், நீட்டிய இன்னொரு கையில் ஒரு முடி நாற்று, அதாவது ஒரு சின்னக் கட்டு. நான் வரப்பில் நின்று ஃபோகஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்தான் சத்தம் போட்டார்: "வந்து நாலு முடி நட்டுப் பாரு தம்பி, அப்புறம் படம் புடி!" நடுவில் இருந்த இரண்டு பேர் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த நொடியில் அழுத்தினேன். படத்தில் உள்ள சிரிப்பு முழுவதும் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

இப்போது அந்த 6 மில்லிமீட்டரை எடுத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு பெண்கள் வெறும் சேற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஆளில்லாத ஒரு கை, மணிக்கட்டோடு, நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அந்தக் கை யாருடையது என்று வெட்டியவருக்கு ஒரு கேள்விகூட வரவில்லையா? வெட்டுவதற்கு முன்னால் ஓரத்தைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

நான் கிராப் செய்வதற்கு, அதாவது படத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு, எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஏற்கனவே ஒருவர் கமெண்டில் கேட்டுவிட்டார்: "கார்ட்டியே-பிரெஸ்ஸோனே வெட்டியிருக்கிறாரே, நீங்கள் அவருக்கும் மேலா?" ஆமாம், அந்தப் பிரெஞ்சுப் புகைப்பட மேதை வெட்டியிருக்கிறார். 1932இல் பாரிஸ் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் தண்ணீரைத் தாண்டும் அந்தப் புகழ்பெற்ற படம் வெட்டப்பட்டதுதான். வேலிப் பலகை இடுக்கு வழியாக எடுத்தது, ஓரத்தில் பலகை மறைத்தது, அதை நீக்கினார். அவர் நீக்கியது பலகையை.

சே குவேராவின் படத்தையும் இழுத்திருக்கிறார்கள். 1960இல் கியூபப் புகைப்படக்காரர் கோர்டா எடுத்தது. முழு நெகட்டிவில் ஒரு பக்கம் இன்னொருவரின் பக்கவாட்டு முகம் இருக்கும், மறுபக்கம் மரத்தின் இலை. இரண்டையும் நீக்கிய பிறகுதான் உலகம் முழுக்கச் சட்டையில் போட்டுக்கொள்ளும் அந்த முகம் கிடைத்தது. நானே பையன்களுக்கு வகுப்பு எடுக்கும்போது நல்ல கிராப்புக்கு உதாரணமாக அதைத்தான் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கவாட்டு முகம்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறது. அடுத்த வகுப்பில் அந்தப் படத்தை எப்படிக் காட்டுவேன் என்று தெரியவில்லை.

கிராப் என்ற வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே எனக்கு அந்த வேலை தெரியும். அப்பா மன்னார்குடிப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தார். யாஷிகா பெட்டி கேமரா, 120 ரோல், ரோலுக்கு 12 படம். கறுப்பு வெள்ளைக்கு ஊட்டியில் செய்த இந்து ஃபிலிம். நெகட்டிவ் சதுரம், பேப்பர் நீளம். அதனால் வெட்டாமல் பிரிண்டே கிடையாது. அதைத் தெரிந்துதான் மேலும் கீழும் இடம் விட்டு எடுப்பார். இருட்டறையில் ட வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டை வைத்திருப்பார். பேப்பர் மேல் விழும் வெளிச்சத்தில் அவற்றை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். அட்டை ஒரு ஆளின் தோளைத் தொட்டால் கை நின்றுவிடும். "இவரு யாரு?" என்று என்னைக் கேட்பார். எனக்குத் தெரியாவிட்டால் கல்யாண வீட்டுக்காரர்களைக் கேட்டு வரச் சொல்வார்.

ஒரு கல்யாண குரூப் போட்டோ. பொண்ணோட சித்தப்பாவுக்கும் வீட்டுக்கும் நிலத்தகராறு. ஓரத்தில் நின்ற அவரை எடுத்துவிட்டு பிரிண்ட் போடச் சொன்னார்கள். அப்பா போட்டுக் கொடுத்தார், வாடிக்கையாளர் கேட்டால் செய்ய வேண்டியதுதான். ஏழெட்டு வருஷம் கழித்து அதே வீட்டிலிருந்து ஆள் வந்தது. சித்தப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் இல்லை, எந்த வீட்டிலும் இல்லை. அப்பா பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் சுருட்டி வைத்திருந்த நெகட்டிவை அரை நாள் தேடினார். கிடைத்தது. ஓரத்தில், வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார். வந்தவர் கடை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அப்பா காசு வாங்கவில்லை.

ஆகவே கிராப் எனக்குப் புதிதில்லை. கேட்காமல் வெட்டுவதுதான் புதிது.

இன்னொன்றும் செய்திருக்கிறார்கள், அதைப் பற்றி யாருமே பேசவில்லை. நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். "முகம் தெரியணும்ல சார், கொஞ்சம் பிரைட் பண்ணோம்."

நம் ஊர் நடவு வயலைக் கலர் ஃபிலிமில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வயலை எடுப்பது சுலபம், வயலில் நிற்கும் முகத்தை எடுப்பதுதான் கஷ்டம். கீழே தேங்கிய தண்ணீர் வானத்தை அப்படியே வாங்கி மேலே அடிக்கும். வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் அந்தப் பளபளப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரியாகிவிடும். சுற்றியிருக்கும் பச்சை தாடையில் ஏறும். இதற்கு மேல் மஞ்சள் பூசிய முகம். வியர்வையில் பாதி கரைந்து, காதோரத்திலும் கழுத்திலும் தேங்கிய மஞ்சள். அந்த மஞ்சள் வேறாகவும் தோல் வேறாகவும் தெரிய வேண்டும். அதற்காகவே எத்தனை வருஷம் எத்தனை ரோல் போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வெல்வியா 50 போட்டேன். ஸ்லைடு ஃபிலிம், வெளிச்சம் அரை ஸ்டாப் தப்பினாலும் மன்னிக்காது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு, அல்லது பாதி). நாற்று பெயின்ட் அடித்த மாதிரி வந்தது, முகங்கள் இருட்டில் போயின. எக்டார் 100 ஆற்றங்கரைக்கும் கோயில் மதிலுக்கும் அருமை. முகத்தில் வைத்தால் மாநிறம் செங்கல் நிறமாகிவிடும், நிழலில் நீலம் ஏறும். கோல்டு 200 எனக்குப் பிரியமான ரோல், சாயங்கால வெயிலில் அம்மாவை எடுத்ததெல்லாம் அதில்தான். ஆனால் அது எல்லாவற்றுக்குமே கொஞ்சம் மஞ்சள் பூசிவிடும், பூசிய மஞ்சள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் போர்ட்ரா 400. அந்த எண் ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம். கேமராவில் அதை 200 என்று செட் செய்து ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் கொடுத்தேன். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் நிழல் எல்லாம் சேறாகிப் பொரிபொரியாக வரும். மீட்டரை வயலில் காட்டாமல் முகம் இருக்கும் அதே நிழலில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அந்தப் படத்தில் கறுப்பு கறுப்பாக இருந்தது, அதில் அடுக்கடுக்காகச் சாயல் இருந்தது, மஞ்சள் தனியாகத் தெரிந்தது. கழுவியதும் நானேதான். 37.8 டிகிரி, டெவலப்பரில் மூன்றே கால் நிமிஷம். ஸ்கேன் செய்து அனுப்பியதும் நானே.

அதைத்தான் ஒரு பட்டனை இழுத்து வெளுக்க வைத்திருக்கிறார்கள். மஞ்சள் காணோம். முகம் சாம்பல் பூத்த ரோஸ் நிறம். நாற்று கிளிப்பச்சை.

"அழகாத்தானே இருக்கு" என்கிறீர்கள். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1950களிலிருந்து கோடாக் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். அந்தத் தோல் சரியாக வருகிற மாதிரி மிஷினைத் திருப்பி வைத்துவிட்டு ஊர் உலகத்துப் படத்தையெல்லாம் பிரிண்ட் போடுவார்கள். பல நிறத்தவரும் இருக்கும் அட்டை வந்தது 1990களின் நடுவில்தான். அதற்கு முன்னால் எடுத்த உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைத் திறந்து பாருங்கள், சித்தியும் பெரியம்மாவும் ஒன்று கரிக்கட்டையாக இருப்பார்கள், இல்லையென்றால் சிவந்து போயிருப்பார்கள். நம்மை நம் நிறத்தில் காட்டும் ஃபிலிம் கிடைக்க இவ்வளவு காலம் ஆனது. கிடைத்த பிறகு, டெல்டாவில், நம் ஆட்களே, நம் அம்மாக்களை வெளுக்க வைக்கிறார்கள். கோடாக்காரனுக்கு நம் ஊர் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?

"ஃபிலிம் எல்லாம் போன காலம், டிஜிட்டலில் எடுக்க வேண்டியதுதானே" என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல இந்தப் பதிவில் இடம் இல்லை. நிறுத்திய எக்டாக்ரோம் ஸ்லைடு ஃபிலிமை 2018இல் கோடாக் திரும்பக் கொண்டுவந்தது, கோல்டு 200ஐ 2022இல் 120 ரோலிலும் விட்டது. வாங்க ஆள் இருக்கிறது. அவ்வளவுதான்.

"பாவம், சொந்தக் காசு போட்டு நடத்துகிற பசங்க, பொதுவில் அவமானப்படுத்தலாமா?" இதுதான் என்னை ரொம்பக் குடைகிறது, ஏனென்றால் உண்மை. அவர்கள் நல்ல பையன்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் ஆணி அடித்தார்கள், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதனால்தான் பேர் சொல்லவில்லை, இனிமேலும் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல பையன்கள் என்பதால் இது நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? ஒரு போன் போதும் தம்பிகளா. "அண்ணே, சட்டம் பத்தலை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் மேலும் கீழும் வெள்ளை விட்டு அதே சட்டத்துக்குள் முழுப் படத்தையும் வைக்கச் சொல்லியிருப்பேன். படம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். எல்லாரும் உள்ளே இருந்திருப்பார்கள்.

"அந்த அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? நீங்கதான் பெரிசு பண்றீங்க" என்று எழுதியவரே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவரைக் கூப்பிட்டதே நான். ஒரு வாரம் முன்னால் போய், உங்க படம் மாட்டப் போறாங்க, வாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நடவு இல்லாத நாள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தார். புதுப்புடவை, தலையில் கனகாம்பரம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அங்கே வேறு யாரும் கழற்றவில்லை. நான் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பேத்தி, "எங்க ஆயா, எங்க ஆயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார். நடுவில் இருந்தவரைக் காட்டி, "இது யாரு, நம்ம தெரு புள்ளைதானா? இப்படி வெளுத்துக் கெடக்கு" என்றார். பிறகு இடது ஓரத்துக்கு வந்தார். சட்டத்தை ஒட்டித் தொங்கிய அந்தக் கையைப் பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தொட்டார்.

"நான் இல்லையே தம்பி. ஆனா இந்த வளவி என்னுதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். அதே பச்சைக் கண்ணாடி வளையல்.

எனக்குப் பதில் வரவில்லை. சட்டம் சின்னது என்று சொல்வதா? அளவு பத்தவில்லை என்று சொல்வதா? வரிசையில் அத்தனை பேர் இருக்க, இவருக்கு மட்டும் இடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அவரே சமாளித்தார். "பரவால்ல விடு தம்பி, கூட்டத்துல எல்லாரும் வுளுவாங்களா" என்று சொல்லிவிட்டு பேத்தியைக் கூட்டிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார். பரவாயில்லை என்று அவர் சொன்னது என்னைத் தேற்றுவதற்கு. அதைச் சாக்காக எடுத்துக்கொண்டு நீங்களும் பரவாயில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். பரவாயில்லை என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. உங்களுக்கு இல்லை, எனக்கும் இல்லை.

வெட்டிய படத்தைப் பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முழுப் படத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். இடது ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள், வாய் திறந்திருக்கிறது, என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நெகட்டிவ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, 22ஆம் நம்பர். 12க்கு 18இல் நேற்று பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டேன், நிறத்தில் கை வைக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். கண்ணாடிச் சட்டம் வேண்டாம், லேமினேட் போடச் சொல்லியிருக்கிறேன். அவர் வீட்டுச் சுவரில் ஐப்பசியில் ஈரம் ஏறும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் போக வேண்டும், அதற்கு மேல் வயலுக்குப் போய்விடுவார்.