அம்மாவின் 8 மதிப்பெண்

போன வாரம் அம்மாவைத் தோல் சிகிச்சைக்கு அழைத்துப் போயிருந்தேன். சொரியாசிஸ் வந்து 14 வருடம் ஆகிறது. மிஸ்ஸி (நர்ஸ்) மலாய் மொழியில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, "நீங்களே அம்மாவிடம் கேட்டு நிரப்பிடுங்க" என்றார். மொத்தம் 10 கேள்விகள். தோல் நோய் ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அளப்பதற்காக, 1994-இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்ற இருவர் உருவாக்கியது. போன ஒரு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30.

அரிப்புக்கு 3. கூச்சத்துக்கு 2. உடுத்தும் துணிக்கு 2. மருந்துத் தொல்லைக்கு 1, தார் களிம்பு மெத்தை விரிப்பெல்லாம் ஒட்டிக்கொள்ளும். உறவுக்காரர்களோடு ஏதும் பிரச்சினையா என்றால் "அதெல்லாம் இல்லப்பா" என்றார். மற்ற ஐந்துக்கும் "சம்பந்தமில்லை" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் குறி போட்டோம். அதற்கும் மதிப்பெண் 0தான். கூட்டினால் 8. நடுத்தர பாதிப்பு.

காரில் வரும்போது எனக்கு மனசே ஆறவில்லை.

கடைக்குப் போவதில் சிரமமா? சம்பந்தமில்லை. அம்மா பசார் மாலம் (இரவுச் சந்தை) போவதை நிறுத்தி எத்தனையோ வருடம், காய்கறி வாங்குவது நான். வெளியில் நாலு பேரோடு கலப்பது? சம்பந்தமில்லை. எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் முன்பெல்லாம் முறுக்கு சுற்ற முதல் ஆளாக உட்காருவது அம்மாதான். ஒரு வருடம் யாரோ ஒருவர் அவருடைய முழங்கையைப் பார்த்துவிட்டு, "நீங்க ஓரமா உட்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மா சமையல் கொட்டகைப் பக்கமே போகவில்லை. போகாத இடத்தில் போன வாரம் என்ன சிரமம் வந்திருக்கும்?

அப்படிச் சொன்னவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நம் பெரியவர்களுக்குத் தோலில் எது வந்தாலும் முதலில் பெருவியாதி (தொழுநோய்) நினைப்புதான் வரும். சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930-இல் திறந்தது. அங்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் தலைமுறை தாண்டியும் மிச்சமிருக்கிறது. சொரியாசிஸ் தொற்றாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, தோலை அளவுக்கு மீறி வேகமாக வளரச் செய்வது அது. இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஒன்பதாவது கேள்வி தாம்பத்தியம் பற்றியது. நான் மகன். அம்மா முகத்தைப் பார்த்து அதை எப்படிக் கேட்பேன்? கேட்கவே இல்லை, நானே சம்பந்தமில்லை என்று போட்டேன். அப்பா பல வருடமாக ஹாலில்தான் படுக்கிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இது வெறும் தாள் விஷயம் இல்லை. பல இடங்களில் இந்த எண் 10-ஐத் தாண்டினால்தான் தீவிரம் என்று எடுத்து, வலுவான மருந்துகளை யோசிக்கிறார்கள். "சம்பந்தமில்லை" என்ற பதில்கள் பாதிப்பைக் குறைத்துக் காட்டுகின்றன என்று 2018-இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் வேறொரு கணக்கு முறையே முன்வைத்தார்கள். பதில் சொன்ன கேள்விகளை மட்டும் வைத்து மதிப்பிடும் முறை அது. அப்படிப் பார்த்தால் அம்மாவின் 8, பத்தைத் தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் தமிழில் கேட்டேன்: "இதெல்லாம் வேணாம்னு விட்டீங்களா, தோலுக்காக விட்டீங்களா?" அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "முறுக்கு சுத்தணும்னு ஆசையாத்தான் இருக்கு" என்றார்.

தோல் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டத்தில் குறி விழுந்தால், "எப்போதிலிருந்து?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அடுத்த முறை நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவர் கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் பேசட்டும்.