வெண்கட்டிக் கோடு

ஆசிரியர் தமது சொந்தக் கருத்தை வகுப்பறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் உயர்தரம் கற்ற காலத்தில், சிங்களத்தை மட்டும் இலங்கையின் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தையும், பிரதமருக்கும் தமிழ்த் தலைவருக்கும் இடையே 1957இல் கைச்சாத்தாகி மறு ஆண்டே கைவிடப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தத்தையும் கற்பித்த ஆசிரியர், தமது நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கரும்பலகையின் நடுவே வெண்கட்டியால் கோடிட்டு, தமது நிலைப்பாட்டுக்கு எதிரான வாதங்களை மறுபாதியில் எங்களையே எழுதச் செய்தார். இன்னோர் ஆசிரியரோ எந்தக் கருத்தையும் வெளியிட்டதில்லை. ஆனால், சில தலைவர்களின் பெயர்களை உச்சரிக்கும்போது அவரது முகம் சுளிப்பதைக் கண்டே நாங்கள் முடிவுக்கு வந்துவிட்டோம். அம்முடிவைப் பல ஆண்டுகள் எனது சொந்தச் சிந்தனை என்றே நம்பியிருந்தேன். பின்னர் சிங்கள நண்பர் ஒருவர் காரணம் கேட்டபோது, சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.